காட்டுத்தீயைக் கற்றவர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்கே, இடாஹோ, மாண்டானா என்னும் மாநிலங்களில் பைன் மரக்காடுகள் மலைதோறும் அடர்ந்து கிடக்கின்றன. 1910-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சூறைக்காற்றொன்று அக்காடுகளிற் புகுந்து, ஆங்காங்கே எரிந்துகொண்டிருந்த தீக்களை ஒன்றாக்கியது. இரண்டே நாட்களில் ஏறத்தாழ 30 இலட்சம் ஏக்கர் வெந்தது. எண்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் தீயணைக்கச் சென்ற தொழிலாளர். அதன் பின்னர்த் தீயை எதிர்க்க ஆட்கள் திரட்டப்பெற்றனர்; மலையுச்சிகளிற் காவற்கோபுரங்கள் எழுந்தன. ஆயினும், தீயின் இயல்பை ஆராய முற்பட்டவர் மிகச் சிலரே. அச்சிலருள் தலையாயவர் ஹாரி கிஸ்போர்ன்.

கிஸ்போர்ன் 1893-ஆம் ஆண்டில் வெர்மாண்ட் மாநிலத்தில் பிறந்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வனவியல் பயின்றார். 1922-ஆம் ஆண்டில் இடாஹோவிலுள்ள பிரீஸ்ட் ரிவர் ஆராய்ச்சி நிலையத்தில் பணி ஏற்றார். அன்று முதல் தீயே அவருக்குப் பாடநூலாயிற்று. காட்டிலுள்ள விறகும் சருகும் எவ்வளவு காய்ந்துள்ளன என்பதை அறிய, மரக்குச்சிகளை வெளியில் வைத்து நிறுத்துப் பார்த்தார். இவ்வீரத்தையும் காற்றின் வேகத்தையும் பிறவற்றையும் ஒருங்கு சேர்த்து அன்றைய அபாயத்தைக் கணித்துக் காட்டும் சிறு கருவியொன்றை 1930-களின் தொடக்கத்தில் அமைத்தார்.

அவர் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது இடிப்புயலே. மின்னல் எத்துணை முறை நிலத்தில் இறங்கிற்று, மழை எவ்வளவு நேரம் பெய்தது என்றெல்லாம் காவற்கோபுரத்தாரிடமிருந்து ஆயிரக்கணக்கான குறிப்புகளைத் திரட்டினார். மழை மிகுந்த புயல் தான் மூட்டிய தீயைத் தானே அணைத்துவிடும். மழை குன்றிய புயலோ தீயை மட்டுமே விட்டுச்செல்லும்.

தீயை மட்டுமா? காற்றையும் அனுப்பும். இடிமேகத்திலிருந்து விழும் மழை, வறண்ட காற்றினூடே வரும்போது பாதி வழியிலேயே ஆவியாகிச் சூழ்ந்துள்ள காற்றைக் குளிரச் செய்கிறது. குளிர்ந்த காற்று கனத்துக் கீழே விழுந்து, தரையில் மோதி, கொட்டிய நீர்போல நாற்புறமும் பாய்கிறது. மேகம் பல கல் தொலைவில் நின்றாலும் இக்காற்று முந்தி வந்துவிடும். அது தீயின் பக்கவாட்டில் மோதினால், அதுவரை மெல்ல ஊர்ந்த அப்பக்கம் முழுவதும் சில நிமிடங்களில் தீயின் முகப்பாக மாறிவிடும். 2013-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் அரிசோனா மாநிலத்து யார்னெல் குன்றில் இவ்வாறே தீ திசை திரும்பி, 19 தீயணைப்பு வீரரைக் கொண்டது.

1949-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் மாண்டானாவில், மிசௌரி ஆற்றங்கரையிலுள்ள மேன் கல்ச் என்னும் பள்ளத்தாக்கருகே மின்னல் தீ மூட்டியது. மறுநாள் விமானத்திலிருந்து 15 வீரர் பாராசூட்டில் இறங்கினர். தரையில் முன்னரே தீயோடு போராடிய ஒருவரும் அவருடன் சேர்ந்தார். அனைவரும் ஆற்றை நோக்கி இறங்குகையில், பலத்த காற்றால் தீ பள்ளத்தாக்கைத் தாண்டி அவருக்குக் கீழே பற்றிக்கொண்டது. உடனே அவர்கள் மேட்டை நோக்கித் திரும்பினர். மனிதர் மேடேறுகையில் தளர்வர். நெருப்போ மேடேறுகையில் விரைவெய்தும். காய்ந்த புல்லும் அதற்குத் துணையாயிற்று. தலைவர் தமக்கு முன்னிருந்த புல்லைத் தாமே கொளுத்தி, எரிந்தடங்கிய அவ்விடத்திற் படுத்துப் பிழைத்தார். பிற வீரரையும் அங்கே அழைத்தார், ஒருவரும் செல்லவில்லை. பதின்மூவர் உயிரிழந்தனர்.

காற்று எவ்வாறு தீயை அங்கே கொணர்ந்தது? இதனை அறியாமல் கிஸ்போர்னால் அமைதி கொள்ள இயலவில்லை. அவருக்கு அப்போது வயது 56. இருதய நோயும் இருந்தது. ஆயினும், பனி விழுந்து தடயங்களை மூடுமுன் அவ்விடத்தைக் கண்டாக வேண்டும் என்று துணிந்து, நவம்பர் 9-ஆம் நாள் வன அலுவலர் ஒருவருடன் சென்றார். அடிக்கடி அமர்ந்து இளைப்பாறியே செங்குத்தான சரிவுகளிற் நடந்தார். தீச்சுழலைப் பற்றித் தாம் முன்னரே ஒரு கருத்தை வகுத்துச் சென்றிருந்தார். எரிந்த நிலத்தின் தடயங்களோ அதற்குப் பொருந்தவில்லை. அதற்காக அவர் வருந்தினாரல்லர். மகிழ்ச்சியோடு புதிய விளக்கத்தைத் தேடலானார். திரும்பும் வழியில், வண்டி நிற்குமிடம் சிறிது தொலைவே இருக்கையில், இருதயம் நின்று அங்கேயே உயிர் நீத்தார்.

1960-ஆம் ஆண்டில் மாண்டானாவின் மிசௌலா நகரில் காட்டுத்தீக்கென ஆராய்ச்சிக்கூடம் ஒன்று திறக்கப்பெற்றது. கிஸ்போர்ன் குச்சிகளை நிறுத்துப் பார்த்த பிரீஸ்ட் ரிவர் காட்டில் ஒரு மலை அவர் பெயரால் வழங்குகிறது.