குளிசை மட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் பெயர்

நாயாற்றில் என் பெரியம்மா வீட்டு வளையில் ஒரு மருந்துப் பை தொங்குகிறது. அதற்குள் மாஞ்சோலை வைத்தியசாலை கிளினிக்கில் கொடுத்த வெள்ளைக் கடதாசிப் பைகளும், தனியார் மருந்துக்கடையில் வாங்கிய பளபளக்கும் மட்டைகளும் கலந்து கிடக்கும். ஒன்றில் பரசிட்டமோல் என்றும் மற்றதில் பனடோல் என்றும் எழுதியிருக்கும். இரண்டும் வேறு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் போடுகிறவர்கள் எங்கள் கரையோரத்தில் நிறையப் பேர். இரண்டும் ஒன்றுதான். வளர்ந்தவர் ஒருவர் ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல், அதாவது 500 மில்லிகிராம் குளிசையில் எட்டுக்கு மேல், எடுத்தால் ஈரல் பழுதாகலாம்.

ஒரே மருந்துக்கு ஏன் இத்தனை பெயர் என்று இந்த நாட்டில் விடாமல் கேட்டவர் பேராசிரியர் செனக பிபிலே. 1920இல் பிறந்தவர். கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்து, கொழும்பில் 1945இல் வைத்தியராகி, எடின்பரோவில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1958இல் இலங்கையின் முதலாவது மருந்தியல் பேராசிரியரானார். பின்னர் பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாகவும் இருந்தார். வசதியான குடும்பத்துப் பிள்ளை, ஆனால் சமசமாஜக் கட்சிக்காரர்.

மருந்தியல் என்பது ஒரு மருந்து உடம்பில் எந்தக் கதவைத் தட்டுகிறது என்ற படிப்பு. நான் படித்தது ஊடகக் கற்கை. ஆனாலும் பொதுப்பெயர்களின் வாலைப் பார்த்து மருந்தின் குடும்பத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று தெரிந்தபோது அசந்துபோனேன். அடெனோலோல், புரோபிரனோலோல் என்று ‘ஓலோல்’ என முடிபவை இதயத்தில் அட்ரினலின் போய் ஒட்டும் இடத்தை அடைத்துத் துடிப்பை நிதானப்படுத்துகின்றன. எனாலாபிரில், கப்டோபிரில் போன்ற ‘பிரில்’கள் இரத்தக் குழாயை இறுக்கும் பொருள் உருவாவதையே தடுக்கின்றன. லொசார்டான் போன்ற ‘சார்டான்’கள் அந்தப் பொருளை உருவாக விட்டு, அது வேலை செய்யும் இடத்தை மறிக்கின்றன. மூன்றும் பிரஷர் குளிசைதான், வழிதான் வேறு. டைக்குளோபினாக், இபுபுரோபன் முதலியவை நோவை உண்டாக்கும் புரொஸ்ரகிளாண்டினைக் குறைக்கின்றன. வயிற்றுச் சுவரைக் காப்பதும் அதே பொருள் என்பதால், வெறும் வயிற்றில் போட்டால் குடல் எரிகிறது. பெனிசிலின் பக்ரீரியா தன் சுவரைக் கட்டுவதைத் தடுக்கிறது. நமது கலங்களுக்கு அந்தச் சுவர் இல்லாததால் நாம் தப்புகிறோம்.

இந்த உறவெல்லாம் பொதுப்பெயரில் தெரியும். வர்த்தகப் பெயரில் தெரியாது, விலை மட்டும் தெரியும்.

பிபிலேயின் போராட்டம் இங்கேதான். 1950களின் கடைசியில் அரச வைத்தியசாலைகளுக்கான மருந்துத் திரட்டு பொதுப்பெயர்களில் வெளிவந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1971இல் கம்யூனிஸ்ட் தலைவர் எஸ். ஏ. விக்ரமசிங்கவுடன் சேர்ந்து அறிக்கையொன்றைக் கொடுத்தார். அதன்படி அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது; முதல் தலைவரும் அவரே. நாட்டுக்குத் தேவையான மருந்தை ஒரே கை உலகச் சந்தையில் கேள்விமனு கோரி மொத்தமாக வாங்கும், விலை விழும் என்பதே திட்டம். தனியார் துறையில் இரண்டாயிரத்துக்கு மேல் இருந்த மருந்து வகைகள் சுமார் 600 ஆகக் குறைக்கப்பட்டன. கம்பனிகள் சும்மா இருக்கவில்லை. 1974இல் வாந்திபேதி பரவியபோது, கூட்டுத்தாபனம் வாங்கிய மூலப்பொருளில் டெட்ராசைக்கிளின் கப்சூல் செய்து தர, இங்கே ஆலை வைத்திருந்த ஒரு பன்னாட்டுக் கம்பனி முன்வரவில்லை. கப்சூலை விமானத்தில் இறக்கவேண்டி வந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக என்னால் முடியாது. அவருடைய கட்சி பங்காளியாக இருந்த அதே அரசாங்கக் காலத்தில்தான் தரப்படுத்தல் வந்து, தமிழ் மாணவர்களின் மருத்துவ பீட வாசல் ஒடுங்கியது. அத்தியாவசிய மருந்து ஒவ்வொரு குடிமகனுக்கும் போய்ச் சேரவேண்டும் என்று அவர் வாதாடிய நாட்டில், பிறகு வன்னிக்குப் போகும் மருந்துப் பெட்டிகள் சோதனைச் சாவடிகளில் நின்றன. 2009இல் மாத்தளனில் மயக்க மருந்தும் அன்ரிபயோரிக்கும் இல்லாமல் சத்திரசிகிச்சை நடந்ததை நேரில் கண்டவர்கள் இதை வாசிக்கிறவர்களிலும் இருப்பீர்கள். பிபிலேயின் பட்டியலில் இருந்த மருந்து வகைகள்தாம் அங்கே இல்லாமல் போனவை. அவர் கேட்ட நியாயத்தை அவரோடு மட்டும் கட்டிப்போட நான் தயாரில்லை. அது எங்களுக்கும் சேரவேண்டிய நியாயம்.

பின்னர் ஐ.நா. வர்த்தக, அபிவிருத்தி மாநாட்டின் ஆலோசகராகி, தன் கொள்கையை மற்ற ஏழை நாடுகளுக்கும் எடுத்துச் சென்றார். அந்தப் பணியில் கயானா போனவர் 1977 செப்டெம்பர் 29 அன்று அங்கேயே இறந்தார். வயது 57. மாரடைப்பு என்று சொல்லப்பட்டது. அபிமானிகள் சிலருக்குச் சந்தேகம் இன்றும் உண்டு, ஆதாரம் எதுவும் வெளிவந்ததில்லை. அதே ஆண்டில்தான் உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. கொழும்பிலோ புதிய அரசாங்கம் சந்தையைத் திறந்துவிட்டிருந்தது. அவருடைய கொள்கைக்குச் சட்ட வடிவம் கொடுக்கும் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் வர 2015 ஆகிவிட்டது.

மட்டையைத் திருப்பினால், பெரிய வர்த்தகப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் பொதுப்பெயர் இருக்கும். வாசிக்க முடியாவிட்டால் மருந்தாளரைக் கேளுங்கள், கிளினிக் கொப்பியில் அதையே எழுதுவியுங்கள். அடுத்தமுறை வேறு கடையில் வேறு பெயரில் தந்தாலும், வீட்டில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்கலாம்.