கிரேஸ் ஹாப்பர்

கிரேஸ் புரூஸ்டர் மர்ரே ஹாப்பர் (டிசம்பர் 9, 1906 – ஜனவரி 1, 1992) ஓர் அமெரிக்கக் கணினி அறிவியலாளரும் கணிதவியலாளரும் கடற்படை அதிகாரியும் ஆவார். கம்பைலர் எனப்படும் நிரல்மொழிமாற்றியின் முன்னோடிகளுள் ஒருவராக அறியப்படுகிறார். நிரலர்கள் குறிப்பேடுகளிலிருந்து கையால் படியெடுத்து வந்த துணைநிரல்களைக் கணினியே தேடி எடுத்து இணைக்குமாறு செய்தது இவரது முதன்மைப் பங்களிப்பாகும். கோபால் நிரல் மொழியின் உருவாக்கத்திலும் இவரது பணி பெரும் செல்வாக்குச் செலுத்தியது.

இளமையும் கல்வியும்

ஹாப்பர் நியூயார்க் நகரில் பிறந்தார். கடிகாரம் இயங்கும் விதத்தை அறிய விரும்பி, ஏழு வயதில் வீட்டிலிருந்த ஏழு அலாரக் கடிகாரங்களைப் பிரித்துவிட்டார். அதன்பின் ஒரு கடிகாரத்தை மட்டுமே பிரித்துப் பார்க்கத் தாயார் அனுமதித்தார். வாசார் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் பயின்று 1928இல் பட்டம் பெற்றார். யேல் பல்கலைக்கழகத்தில் 1930இல் முதுகலைப் பட்டமும், 1934இல் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். 1930இல் வின்சென்ட் ஹாப்பரை மணந்தார். 1945இல் இருவரும் மணமுறிவு பெற்றனர். 1931 முதல் வாசார் கல்லூரியில் கணிதம் கற்பித்தார்.

மார்க் 1 கணினி

இரண்டாம் உலகப் போரின்போது ஹாப்பர் கடற்படையில் சேர விரும்பினார். வயது கூடுதல் எனவும், எடை 15 பவுண்டு குறைவு எனவும் தடை எழுந்தது. எனினும் விதிவிலக்குப் பெற்று, 1943 டிசம்பரில் கடற்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்தார். பயிற்சிக்குப் பின் 1944இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் அய்க்கன் தலைமையில் இயங்கிய மார்க் 1 கணினிப் பணிக்கு அனுப்பப்பட்டார். 51 அடி நீளமுடைய அப்பொறி, துளையிட்ட காகித நாடாவிலிருந்து கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துச் செயற்படுத்தியது.

அப்பொறிக்கு நிரல் எழுதக் கற்றுத்தரும் நூல் எதுவும் இருக்கவில்லை. அய்க்கன் அப்பணியை ஹாப்பரிடம் ஒப்படைத்தார். 500 பக்கங்களுக்கு மேற்பட்ட மார்க் 1 இயக்கக் கையேடு 1946இல் வெளியானது. கணினி நிரலாக்கம் பற்றிய தொடக்க கால நூல்களுள் இது ஒன்றாகும்.

ஹாப்பரும் உடன் பணியாற்றிய ரிச்சர்ட் பிளாக், ராபர்ட் கேம்பல் ஆகியோரும் சரியாக இயங்கிய நிரல் பகுதிகளைக் குறிப்பேடுகளில் எழுதி வைத்தனர். சைன் மதிப்பு போன்ற கணிப்பு மீண்டும் தேவைப்பட்டால் ஒருவர் மற்றவரின் குறிப்பேட்டிலிருந்து படியெடுத்துக்கொள்வார்.

நிரல்மொழிமாற்றி

1949இல் பிலடெல்பியாவிலிருந்த எக்கர்ட்-மோக்ளி நிறுவனத்தில் ஹாப்பர் சேர்ந்தார். அங்கு யுனிவாக் 1 கணினி உருவாகிக்கொண்டிருந்தது. 1950இல் ரெமிங்டன் ராண்ட் அந்நிறுவனத்தை வாங்கியது.

நினைவகத்தில் நிரலை வைத்து இயங்கும் கணினியில், துணைநிரலைப் படியெடுத்தால் மட்டும் போதாது. அது இடம்பெறும் பகுதிக்கு ஏற்ப ஒவ்வொரு முகவரியையும் கூட்டி மாற்ற வேண்டும். பிழைகளில் பெரும்பாலானவை இப்படியெடுத்தலிலும் கூட்டலிலுமே நேர்வதை ஹாப்பர் கண்டார். இவ்விரண்டும் கணினி நன்கு செய்யக்கூடிய வேலைகள் என்பதே அவரது முடிவு. பெட்டி ஹோல்பர்டன் 1951இல் எழுதிய, வரிசைப்படுத்தும் நிரல்களைத் தானே உருவாக்கும் நிரலும் அவருக்குத் தூண்டுதலாக அமைந்தது.

ஏ-0 எனப்படும் அவரது முதல் நிரல்மொழிமாற்றி 1952இல் செயற்பட்டது. துணைநிரல்கள் ஒவ்வொன்றும் ஓர் அழைப்பெண்ணுடன் காந்த நாடாவில் பதியப்பட்டன. நிரலர் அழைப்பெண்களையும் தேவையான மதிப்புகளையும் வரிசையாக எழுதினால், கணினி உரிய துணைநிரல்களை எடுத்து, முகவரிகளை மாற்றி, முழு நிரலாக இணைத்துத் தரும்.

இப்பணி ஒரே ஓட்டத்தில் முடிய வேண்டியிருந்தது. ஆகையால், இன்னும் இடம்பெறாத பகுதிக்குத் தாவும் கட்டளைக்கு முகவரி தருவது சிக்கலானது. ஹாப்பர் நினைவகத்தின் ஒரு மூலையை இதற்கென ஒதுக்கினார். முன்னோக்கிய தாவல் முதலில் அம்மூலைக்குச் செல்லும். உரிய பகுதி இடம்பெற்றவுடன் அதன் முகவரி அம்மூலையில் எழுதப்படும். கூடைப்பந்தில் பந்தைத் தோழியிடம் கொடுத்துவிட்டு முன்னே ஓடித் திரும்பப் பெறும் முறையே இதற்கு முன்மாதிரி எனப் பின்னாளில் அவர் குறிப்பிட்டார்.

ஏ-0 இன்றைய பொருளில் முழுமையான நிரல்மொழிமாற்றி அன்று. இணைப்பான் எனப்படும் மென்பொருளையே பெரிதும் ஒத்தது. எனினும் அது ஒரு முக்கிய வேறுபாட்டைக் காட்டியது. ஜான் மோக்ளியின் யோசனையில் 1949இல் தொடங்கிய ஷார்ட் கோட், நிரல் ஓடும்போதே ஒவ்வொரு கூற்றையும் பொருள்கொண்டு செயற்படுத்தும் வரிமொழிமாற்றியாகும். அதனால் மிக மெதுவாக இயங்கியது. ஏ-0 மாற்றத்தை முன்கூட்டியே ஒருமுறை செய்து முடித்தது.

ஆங்கிலச் சொற்களாலான நிரல்

கணக்குப் போடும் பொறியால் நிரல் எழுத முடியாது என்று பலர் கருதினர். இருப்பினும் ஹாப்பர், கணிதக் குறியீடுகளுக்குப் பழகாத வணிகத்துறையினரும் நிரல் எழுத வேண்டும் என்று வலியுறுத்தினார். இதற்காக ஆங்கிலச் சொற்களைக் கட்டளைகளாக ஏற்கும் பி-0 உருவாக்கப்பட்டது. இது பின்னர் புளோமேட்டிக் எனப்பட்டது. அதே நிரல் பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களிலும் இயங்குவதை முன்மாதிரியில் காட்டியபோது நிறுவன மேலாளர்கள் அதிர்ச்சியுற்றனர். கணினிக்கு எம்மொழிச் சொல்லும் வெறும் குறியீடே என்பதை விளக்கி ஏற்கச்செய்யப் பல மாதங்கள் ஆயின.

1959இல் பல நிறுவனங்களுக்கும் பொதுவான வணிக மொழியை உருவாக்கக் குழு அமைக்கப்பட்டது. ஹாப்பர் அதன் ஆலோசகர்களுள் ஒருவர். கோபால் மொழியை அவர் தனியாக வடிவமைக்கவில்லை. ஆயினும் அதன் முதன்மை அடிப்படை புளோமேட்டிக் ஆகும். 1960 டிசம்பரில் ஒரே கோபால் நிரல் இரு வேறு நிறுவனங்களின் கணினிகளில் ஓடியது.

பிற்காலம்

1966இல் ஓய்வுபெற்ற ஹாப்பர், கோபால் பயன்பாட்டைச் சீர்தரப்படுத்த 1967இல் ஆறு மாதங்களுக்கு மீண்டும் அழைக்கப்பட்டார். ஆனால் அப்பணி 1986 வரை நீண்டது. ரியர் அட்மிரலாக, 79ஆம் வயதில் ஓய்வுபெற்றார். பின்னர் இறுதிவரை டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்தின் ஆலோசகராக இருந்தார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

1947இல் மார்க் 2 கணினியில் அந்துப்பூச்சி சிக்கியதை வைத்து, கணினிப் பிழைக்குப் பூச்சி எனப் பொருள்படும் 'பக்' என்ற பெயரை ஹாப்பரே சூட்டினார் என்பர். இது சரியன்று. பொறியாளர்கள் அச்சொல்லை அதற்கு முன்பே பயன்படுத்தினர்.

விருதுகளும் நினைவும்

1991 – அமெரிக்கத் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம்
1997 – ஹாப்பர் பெயரிலான போர்க்கப்பல் கடற்படையில் இணைக்கப்பட்டது
2016 – அதிபரின் விடுதலைப் பதக்கம் (மறைவுக்குப் பின்)
2017 – யேல் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது