சிசிலி வில்லியம்ஸ்

சிசிலி டெல்ஃபின் வில்லியம்ஸ் (டிசம்பர் 2, 1893 - ஜூலை 13, 1992) ஜமேக்காவில் பிறந்த பிரித்தானியக் குழந்தைநல மருத்துவர் ஆவார். தாய்ப்பால் நிறுத்தப்பட்டபின் போதிய ஊட்டமின்றி வளரும் சிறு குழந்தைகளைத் தாக்கும் குவாசியோர்க்கர் என்னும் நோயைத் தெளிவாக விவரித்து, அப்பெயரை மருத்துவ நூல்களில் இடம்பெறச் செய்தவர் இவரே. கைக்குழந்தைகளுக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாக இனிப்பூட்டிய டப்பாப் பாலை விற்பதை வெளிப்படையாக எதிர்த்த முதல் சில மருத்துவர்களுள் ஒருவராகவும் அறியப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

ஜமேக்காவின் வெஸ்ட்மோர்லாந்து பகுதியில் நிலவுடைமைக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இவரது தந்தை அத்தீவின் கல்வித்துறை இயக்குநராகப் பணியாற்றியவர். 13ஆம் வயதில் படிப்பிற்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். ஆக்ஸ்போர்டில் உள்ள சாமர்வில் கல்லூரியில் இடம் கிடைத்தபோதும், பெற்றோருக்கு உதவும்பொருட்டு ஊர் திரும்ப நேர்ந்தது. தந்தை இறந்தபின் 23ஆம் வயதிலேயே மருத்துவம் படிக்கத் தொடங்கினார். முதல் உலகப் போரினால் ஆண் மாணவர்கள் குறைந்திருந்த காலம் அது. இல்லையெனில் ஒரு பெண்ணுக்கு அவ்வாய்ப்பு எளிதில் கிட்டியிராது. 1923இல் மருத்துவராகத் தேறினார். இலண்டன் மருத்துவமனைகளில் சில ஆண்டுகள் பணியாற்றியபின், வெப்பமண்டல மருத்துவமும் பயின்று குடியேற்ற நாடுகளின் மருத்துவச் சேவையில் சேர்ந்தார்.

கோல்ட் கோஸ்ட்டில்

1929இல் கோல்ட் கோஸ்ட் எனப்பட்ட இன்றைய கானாவுக்கு அனுப்பப்பட்டார். பெண் மருத்துவ அலுவலர் என்பது இவரது பதவியின் பெயர். அதே பணியைச் செய்த ஆண்களைவிட ஊதியம் குறைவு. அக்ரா நகரில் இளவரசி மேரி லூயிஸ் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய காலத்தில்தான் இவரது பெயரை நிலைக்கச் செய்த ஆய்வு நடந்தது.

ஒரு வயது முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகள் பலர் கைகால் வீங்கி, தோல் கருத்து உரிந்து, முடி செம்பட்டையாகி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். வீக்கத்தினால் அவர்கள் கொழுகொழுவென்று இருப்பதுபோல் தோன்றும். ஆனால் உள்ளே தசை கரைந்திருக்கும். அவர்களுள் பெரும்பாலோர் இறந்தனர். இது பெல்லாக்ரா என்னும் நோய் என்றே பிற மருத்துவர்கள் கருதினர். வில்லியம்ஸ் அதை ஏற்கவில்லை. இறந்த குழந்தைகளின் பிரேதப் பரிசோதனைகளைத் தாமே செய்தார். அவ்வாறு செய்கையில் தொற்று ஏற்பட்டு ஒருமுறை இறக்கும் நிலைக்கும் சென்று மீண்டார்.

விடை மருத்துவ நூல்களில் இல்லை, தாய்மாரிடம் இருந்தது. கா மொழி பேசும் பெண்கள் இந்நோய்க்குக் குவாசியோர்க்கர் என்று பெயர் வைத்திருந்தனர். அடுத்த குழந்தை வரும்போது தன் இடத்தை இழந்த முந்தைய குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். தாய் மீண்டும் கருவுற்றதும் மூத்த குழந்தைக்குப் பால் நிறுத்தப்படும். அதன்பின் அக்குழந்தைக்குக் கிடைப்பது மக்காச்சோள மாவுக் கஞ்சியும் களியும் மட்டுமே. (தமிழில் சவலை என்று சொல்லும் சொல்லும் ஏறக்குறைய இதே கருத்தைத் தாங்கியது என்பது கவனிக்கத்தக்கது.) நோயின் காரணத்தை அந்நாட்டுப் பெண்கள் பெயரிலேயே பொதிந்து வைத்திருந்தனர் எனலாம்.

1933இல் இந்நோயைப் பற்றிய இவரது முதல் கட்டுரை வெளிவந்தது. புரதமோ அதன் கூறான அமினோ அமிலமோ குறைவதும் காரணமாகலாம் என்று அதில் குறிப்பிட்டிருந்தார். பெல்லாக்ரா வல்லுநரான ஹியூ ஸ்டானஸ் அடுத்த ஆண்டே இதனை மறுத்து எழுதினார். பெல்லாக்ராவில் வெயில் படும் இடங்களில்தான் தோல் பாதிக்கப்படும், இக்குழந்தைகளுக்கு அவ்வாறில்லை. இத்தகைய வேறுபாடுகளை எடுத்துக்காட்டி, 1935இல் லான்செட் இதழில் உள்ளூர்ப் பெயரையே தலைப்பாக வைத்து வில்லியம்ஸ் மீண்டும் எழுதினார். எனினும் இவரது கருத்து பரவலாக ஏற்கப்படப் பல ஆண்டுகள் ஆயின. மேலதிகாரியுடன் கருத்து வேறுபாடு முற்றியதால் 1936இல் மலாயாவுக்கு மாற்றப்பட்டார்.

பாலும் கொலையும்

அக்ராவில் பால் நிறுத்தப்பட்டபின் வரும் கேட்டைக் கண்டவர், சிங்கப்பூரில் பால் தொடங்கும்போதே வரும் கேட்டைக் கண்டார். செவிலியர்போல் உடையணிந்த பெண்களை நிறுவனங்கள் வீடுவீடாக அனுப்பி, தாய்ப்பாலைவிட இனிப்பூட்டிய சுண்டக்காய்ச்சிய பாலே சிறந்தது என்று இளந்தாய்மாரை நம்பவைத்தன. அப்பாலில் சர்க்கரை மிகுதி. கொழுப்பு நீக்கிய வகையில் உயிர்ச்சத்து ஏ, டி ஆகியவை இல்லை. அவ்வகைப் பால் கைக்குழந்தைகளுக்கு ஏற்றதன்று என்று டப்பாவின்மேல் அச்சிட வேண்டும் என்பது பிரித்தானியாவில் அப்போதே விதியாக இருந்தது. தூய நீரில்லாத குடியிருப்புகளில் அப்பாலைக் கரைத்துப் புகட்டியபோது வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. தாய்ப்பாலோ சில நாட்கள் ஊட்டாமல் விட்டாலே வற்றத் தொடங்கும். பின்னர் டப்பாவை விட்டால் வழியில்லை.

1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேச அழைக்கப்பட்டபோது, பாலும் கொலையும் என்னும் தலைப்பில் உரையாற்றினார். தவறான பரப்புரையால் நேரும் குழந்தைச் சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும் என்பது அவ்வுரையின் சாரம். வணிகர்கள் நிறைந்த அவையில் இதைச் சொல்லத் துணிவு வேண்டும். இதே கருத்து உலக அளவில் விதியாக உருப்பெற 42 ஆண்டுகள் ஆயின: தாய்ப்பால் மாற்றுப் பொருட்களின் விற்பனை பற்றிய நெறிமுறையை உலக சுகாதார அவை 1981இல் ஏற்றது. இந்தியா இதற்கான சட்டத்தை 1992இல் இயற்றியது.

சிறையில்

1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் படையெடுத்தபோது வில்லியம்ஸ் திரங்கானுவில் இருந்தார். அங்கிருந்து தப்பிச் சிங்கப்பூரை அடைந்தார். 1942 பெப்ரவரியில் அந்நகரும் வீழ்ந்தது. சாங்கி சிறையில் அடைக்கப்பட்டு, பெண்கள் முகாமின் தலைவியாகவும் இருந்தார். 1943இல் ஜப்பானிய இராணுவக் காவல்துறை இவரை விசாரணைக்குக் கொண்டுசென்று, சாகும் நிலையில் இருந்த கைதிகளோடு கூண்டில் பல மாதங்கள் அடைத்துவைத்தது. உயிர்ச்சத்துக் குறைபாட்டினால் வரும் பெரிபெரி நோய் இவரையும் தாக்கியது. பாதங்களில் உணர்வு கடைசிவரை முழுமையாகத் திரும்பவில்லை. சிறைமுகாமில் 20 குழந்தைகள் பிறந்ததாகவும், அனைவருக்கும் தாய்ப்பாலே ஊட்டப்பட்டதாகவும், அனைவரும் பிழைத்ததாகவும் பின்னர் பதிவுசெய்தார். தாய்மாரே அரைப்பட்டினி கிடந்த இடம் அது.

பிற்காலம்

1948இல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய்-சேய் நலப் பிரிவின் முதல் தலைவரானார். 1950களின் தொடக்கத்தில் அந்நிறுவனம் ஆப்பிரிக்காவில் நடத்திய ஆய்வு, குவாசியோர்க்கர் அக்கண்டத்தில் எவ்வளவு பரவியிருந்தது என்பதை வெளிக்கொணர்ந்தது. 1960களின் முற்பகுதியில் பெய்ரூத்தில் உள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். நோய் தீர்ப்பதையும் நோய் தடுப்பதையும் தனித்தனித் துறைகளாகப் பிரிப்பதை இவர் எங்கும் எதிர்த்தார்.

நோயின் காரணம் பற்றிய விவாதம் இவரோடு முடியவில்லை. புரதக் குறைவே முழுக் காரணம் என்ற எண்ணம் 1950, 60களில் ஓங்கியிருந்தது. 1968இல் சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிவியலாளர் சி. கோபாலன், வீங்கும் குழந்தைகளின் உணவுக்கும் மெலியும் குழந்தைகளின் உணவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று காட்டினார். ஒரே கஞ்சியை உண்ணும் இரு குழந்தைகளில் ஒன்றுமட்டும் ஏன் வீங்குகிறது என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகிறது.

1965இல் பிரித்தானியக் குழந்தைநல மருத்துவர் சங்கத்தின் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் பதக்கம் பெற்றார். வில்லியம்ஸ் தமது 98ஆம் வயதில் ஆக்ஸ்போர்டில் காலமானார்.