கடலில் தொலைந்த 14 வயது மீனவன்... 12 வருடம் கழித்து வீடு திரும்பிய கதை!

போனை எடுத்து மேப்பைத் திறந்து பாருங்க. ஒரு நீலப் புள்ளி தெரியும். அதுதான் நீங்க. இப்போ அந்தப் புள்ளி இல்லைன்னு வெச்சுக்கோங்க. தெரு இல்லை, கரை இல்லை, சுத்தியும் தண்ணி மட்டும்தான். உங்களுக்கு வயசு 14.

ஜப்பானில் எல்லோருக்கும் தெரிந்த ஜான் மான்ஜிரோவின் கதை இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

1827-ல் தோசா பகுதியில், நகானோஹாமா என்ற கடலோரக் கிராமத்தில் பிறந்தவன் மான்ஜிரோ. சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட, குடும்பத்துக்குச் சோறு போடும் பொறுப்பு அவன் தலையில். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவன். 1841 ஜனவரியில் ஊசா துறையிலிருந்து ஒரு மீன்பிடிப் படகில் வேலைக்குப் போனான். மொத்தம் ஐந்து பேர். அதில் அவன்தான் கடைக்குட்டி.

அந்தக் காலத்து ஜப்பான் மீனவர்கள் கரையில் தெரியும் மலைகளை அடையாளம் வைத்துத்தான் தொழில் செய்வார்கள். ஆழ்கடலுக்குப் போகிற பெரிய கப்பல் கட்டவே நாட்டில் தடை. புயல் வந்தது. துடுப்பு போச்சு, மலையும் கண்ணிலிருந்து மறைந்தது. பல நாள் அலைந்த பிறகு டோரிஷிமா என்ற ஆளில்லாத தீவில் போய் ஒதுங்கினார்கள். மழைத்தண்ணியைக் குடித்து, ஆல்பட்ராஸ் பறவைகளைப் பிடித்துத் தின்று 143 நாள்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

காப்பாத்தியாச்சு... ஆனா வீட்டுக்குப் போக முடியாது!

ஜூன் மாதம், 'ஜான் ஹவ்லேண்ட்' என்ற அமெரிக்கத் திமிங்கல வேட்டைக் கப்பல் அவர்களைக் கண்டது. கேப்டன் வில்லியம் விட்ஃபீல்ட் ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டார். அப்படியே ஜப்பானில் இறக்கிவிட்டிருக்கலாமேன்னு தோணுதா? அங்கேதான் சிக்கல். நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்புகிறவனுக்கு மரண தண்டனை என்பது அன்றைய ஜப்பான் சட்டம். புயலில் சிக்கிப் போனாலும் சரி, விரும்பிப் போனாலும் சரி. 1837-ல், கடலில் தவறிப்போன ஜப்பானியர்களைத் திருப்பி விட வந்த 'மாரிசன்' என்ற அமெரிக்கக் கப்பலைப் பீரங்கியால் சுட்டு விரட்டியிருந்தார்கள்.

அதனால் கேப்டன் அவர்களை ஹவாயின் ஹொனலூலுவில் இறக்கினார். நான்கு பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். மான்ஜிரோ மட்டும் கேப்டனோடு அமெரிக்கா கிளம்பினான். கப்பல்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர், ஜான் மங்.

1843 மே மாதம் கப்பல் நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. கரன்ட் இல்லாத காலம் அது. பல ஊர்களில் விளக்கு எரிந்தது திமிங்கல எண்ணெயில். அந்த எண்ணெய்க்காக உலகக் கடலையே சுற்றிவரும் கப்பல்களின் தலைநகரம் அந்த ஊர். ஒருமுறை கப்பல் ஏறினால் திரும்பி வர மூன்று, நான்கு வருஷம்கூட ஆகும். ஆற்றுக்கு எதிர்க்கரையில் ஃபேர்ஹேவன். கேப்டனின் சொந்த ஊர்.

கேப்டன் அவனைத் தன் வீட்டுப் பையனாகவே வளர்த்தார். தேவாலயத்தில் அவனைக் குடும்பத்தோடு உட்காரவிடாமல், கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய இடத்துக்குப் போகச் சொன்னபோது, கேப்டன் அந்தத் தேவாலயத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டு வேறு தேவாலயத்துக்கு மாறினார்.

16 வயதில், குட்டிப் பசங்களோடு உட்கார்ந்து ஏ, பி, சி, டி படித்தான் மான்ஜிரோ. எண்ணெய் அடைக்கிற பீப்பாய் செய்யும் தொழிலையும் பழகினான். பிறகு சேர்ந்த பள்ளியில்தான் அவன் வாழ்க்கையை மாற்றிய பாடம் கிடைத்தது. மாலுமிகள் கையோடு வைத்திருக்கும் பவ்டிச்சின் கடல்வழிக் கணக்குப் புத்தகம். உச்சிவேளையில் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று செக்ஸ்டன்ட் கருவியால் அளந்தால் அட்சரேகை தெரியும். துல்லியமான கடிகாரம் இருந்தால் தீர்க்கரேகையும் தெரியும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் நீங்க இருக்கீங்க. ஆமா, அதுதான் அந்தக் காலத்து நீலப் புள்ளி! மலை மறைந்ததும் தொலைந்துபோன பையனுக்கு, மலையே தேவையில்லாத வித்தை கைக்கு வந்தது.

உயிரா... அம்மாவா?

1846-ல் 'ஃபிராங்க்ளின்' கப்பலில் திமிங்கல வேட்டைக்குப் போனார். ஜப்பானுக்குப் பக்கத்துக் கடலில் தன் நாட்டு மீன்பிடிப் படகுகளைப் பார்த்துப் பேச முயன்றார், பலிக்கவில்லை. நடுவில் கப்பலின் கேப்டனுக்கு மனநிலை பாதிக்கப்பட, மாலுமிகள் சேர்ந்து இந்த இளைஞரை அதிகாரிகளில் ஒருவராக்கினார்கள்.

ஊரில் மரியாதை, கையில் தொழில், பாசமான ஒரு குடும்பம். நீங்களா இருந்தா அங்கேயே செட்டில் ஆகியிருப்பீங்களா? மான்ஜிரோவுக்கு மனசு கேட்கவில்லை. 1850-ல் கலிஃபோர்னியா தங்க வேட்டைக்குப் போய், சில மாதங்களில் சுமார் 600 டாலர் சேர்த்தார். நேராக ஹொனலூலு. பழைய தோழர்களில் ஒருவர் இறந்திருந்தார், இன்னொருவர் வர மறுத்துவிட்டார். மிச்சமிருந்த இருவரோடு கிளம்பினார். ஒரு சின்னப் படகை விலைக்கு வாங்கி, ஷாங்காய் போகும் கப்பலில் ஏற்றிக்கொண்டார். படகுக்குப் பெயர் 'அட்வென்ச்சரர்'.

1851 பிப்ரவரியில், இன்றைய ஒக்கினாவாவின் கரைக்கு அப்பால் நடுக்கடலில் படகை இறக்கினார்கள். அலையில் துடுப்புப் போட்டுக் கரையேறினார்கள். உடனே காவல்.

அதன்பின் ஒன்றரை வருஷத்துக்கும் மேல் விசாரணை, விசாரணை, விசாரணைதான். கிறிஸ்தவராக மாறவில்லை என்று காட்ட, நாகசாகியில் கிறிஸ்தவப் படத்தின் மீது கால் வைக்கச் சொன்னார்கள். ஆனால் காலமும் மாறிக்கொண்டிருந்தது. சத்சுமா பகுதியின் பிரபு அவரிடம் மேல்நாட்டுக் கப்பல்களைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். தண்டிக்க வேண்டிய ஆளை விட, அவருக்குத் தெரிந்த விஷயங்கள் பெரிதாகத் தெரிந்தன. தலை தப்பியது.

1852-ன் இலையுதிர் காலத்தில் நகானோஹாமா வந்து சேர்ந்தார். மகன் செத்தே போய்விட்டான் என்று நம்பியிருந்த அம்மாவின் முன்னால், தாய்மொழியே தட்டுத்தடுமாறும் 25 வயது இளைஞர் நின்றார். அந்த வீட்டில் அவரால் தங்க முடிந்தது சில நாள்கள்தான். தோசா அரசு வேலைக்குக் கூப்பிட்டுவிட்டது.

அடுத்த வருஷமே அமெரிக்கத் தளபதி பெர்ரியின் போர்க்கப்பல்கள் ஜப்பான் வாசலில் வந்து நின்றன. தலைநகர் எடோவிலிருந்து மான்ஜிரோவுக்கு அவசர அழைப்பு. குடும்பப் பெயரே இல்லாத மீனவர், பிறந்த ஊரின் பெயரால் 'நகஹாமா' மான்ஜிரோ ஆனார். வாள் தரிக்கும் சாமுராய் அந்தஸ்தும் கிடைத்தது. ஆனால், அமெரிக்கர்கள் வளர்த்த ஆள் என்ற சந்தேகத்தில், பெர்ரியோடு நடந்த பேச்சுவார்த்தைப் பக்கமே அவரை விடவில்லை. அங்கே வேற்றினத்தவர், இங்கே அந்நியர்களின் ஆள்!

அவர் முடங்கிப்போகவில்லை. பவ்டிச்சின் புத்தகத்தை ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்தார். கப்பல் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார், ஆங்கிலம் கற்பித்தார். 1860-ல் 'கன்ரின் மாரு' என்ற ஜப்பானியக் கப்பல் பசிபிக்கைக் கடந்து சான் பிரான்சிஸ்கோ போனபோது, மொழிபெயர்ப்பாளர் அவர்தான். புயலில் பலரும் சுருண்டு கிடக்க, உடன் வந்த அமெரிக்க மாலுமிகளோடு சேர்ந்து கப்பலை நடத்திச் சென்றவர்களில் அவரும் ஒருவர்.

1870-ல் அரசு வேலையாக ஐரோப்பா போகும் வழியில், கொஞ்சம் சுற்றி ஃபேர்ஹேவனுக்குப் போனார். 21 வருஷம் கழித்து, வயதான விட்ஃபீல்டின் வீட்டுக் கதவைத் தட்டினார். அன்று இரவு அங்கேயே தங்கினார்.

1898-ல், 71 வயதில் மான்ஜிரோ மறைந்தார். ஃபேர்ஹேவனில் அவரை முதன்முதலில் தங்க வைத்த அந்த வீடு இன்று ஒரு அருங்காட்சியகம். அடுத்த முறை மேப்பைத் திறக்கும்போது நேரம் இருந்தா ஃபேர்ஹேவனையும் நகானோஹாமாவையும் தேடிப் பாருங்க. ரெண்டு புள்ளிக்கும் நடுவுல எவ்வளவு தண்ணின்னு தெரியும்.