தட்டில் எஞ்சிய குரல்

ஆரையம்பதியில் என் அம்மப்பா விட்டுச்சென்ற தகரப் பெட்டியொன்று இன்றும் என் வீட்டில் இருக்கிறது. அதனுள்ளே பழந்துணியிற் பொதிந்து வைக்கப்பட்ட பதினொரு இசைத்தட்டுகள். 1978 நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி எங்கள் கூரையைக் கொண்டுபோன இரவில், நெல்லையும் பாத்திரங்களையும் விட்டுவிட்டு அம்மப்பா அந்தப் பெட்டியைத்தான் கட்டிலின் கீழே தள்ளி, அதன்மேல் இரண்டு பாய்களைப் போட்டு மூடினார். அம்மம்மா அதனை நெடுநாள் மன்னிக்கவில்லை. அவருடைய கோபத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. அந்தப் பதினொன்றில் ஒன்று செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா பாடிய தட்டு.

கிட்டப்பா 1906 ஆகஸ்ட் 25ஆம் நாள் செங்கோட்டையிற் பிறந்தார். வறுமை மிகுந்த குடும்பம். ஆகவே பள்ளிக்கூடத்தைவிட நாடகக் கொட்டகையே அவருக்கு முன்னதாகக் கதவு திறந்தது. சிறுவயதிலேயே தமையன்மாரோடு மேடையேறினார். பின்னர் கன்னையா கம்பெனியின் நாடகங்களில் நடித்தபோது, தமிழ்நாடு முழுவதும் அவர் பெயரைச் சொல்லத் தொடங்கியது. தமையனார் காசி ஐயர் ஆர்மோனியம் வாசிக்க, எவரும் எட்டத் தயங்கும் உச்சச் சுருதியில் நின்று அவர் பாடுவார்.

அக்காலத்தில் ஒலிபெருக்கி இல்லை என்பதை இன்றைய மாணவர் நினைவிற்கொள்ள வேண்டும். கொட்டகையின் கடைசி வரிசையில் தரையிலிருப்பவன் காதிலும் சொல் தெளிவாக விழவேண்டும். விழாவிட்டால் மறுநாள் அவன் வரமாட்டான். எங்கள் பக்கத்துக் கூத்துக் களரியில் அண்ணாவியார் மத்தளம் அடிக்க, விடியும்வரை திறந்த வெளியிற் பாடும் கூத்தரைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். கிட்டப்பாவின் உச்சக்குரல் எங்களூர்க் காதுகளுக்கு அந்நியமாகப் படாமற் போனதற்கு அதுவே காரணமென்று நான் கருதுகிறேன். சங்கீத வித்துவான்கள் இக்கருத்தை ஏற்பார்களோ என்னவோ!

அவர் வாழ்வைத் திருப்பிய சம்பவம் நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. 1926ஆம் ஆண்டளவில் கொழும்பிலே நாடகங்கள் நடந்துகொண்டிருந்தன. காவேரிக் கரையிலுள்ள கொடுமுடியிற் பிறந்து, தன் குரலொன்றையே துணையாகக் கொண்டு மேடைக்கு வந்த கே. பி. சுந்தராம்பாள் அங்கே பெரும்புகழோடு நடித்துவந்தார். கிட்டப்பாவோடு ஒரே மேடையில் அவர் நின்று பாட இயலுமா என்று ஐயுற்றோர் பலர். வள்ளி திருமணத்தில் இருவரும் எதிரெதிர் நின்று பாடியபின்பு அந்த ஐயம் எவருக்கும் எழவில்லை. 1927இல் அவர்கள் திருமணம் செய்துகொண்டனர்.

கிட்டப்பாவுக்கு முன்னரே மணமாகியிருந்தது. சுந்தராம்பாளுக்குப் பிறந்த குழந்தை சில நாள்களில் இறந்தது. பிறகு பிரிவு. சுந்தராம்பாள் கணவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் வெளிவந்துள்ளன. அவற்றைப் படித்தவர் எவரும் கிட்டப்பாவுக்காக எளிதில் வாதாட முன்வரார். குடிப்பழக்கம் உடலைத் தின்றது. 1933 டிசம்பர் 2ஆம் நாள் அவர் மறைந்தபோது வயது இருபத்தேழு. இருபத்தைந்து வயதேயான சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை உடுத்தார். இனி எந்த ஆணுடனும் சோடியாக நடிப்பதில்லையென்று உறுதிபூண்டார். 1935இல் வெளிவந்த நந்தனார் படத்தில் அவரே நந்தனாராக ஆண்வேடம் பூண்டார். அதற்கு ஓர் இலட்சம் ரூபா ஊதியம் பெற்றார் என்பது அன்று ஊரெங்கும் வியப்பு. 1953இல் ஔவையாராகத் தோன்றினார், 1958இல் சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினரானார், 1980இல் காலமானார். தனித்து வாழ்ந்த அந்த நாற்பத்தேழு ஆண்டுகளும் அவருடையவை. அவற்றைக் கிட்டப்பாவின் கதைக்கு வால்போல ஒட்டிச் சொல்வது எனக்கு உடன்பாடன்று.

கிட்டப்பாவுக்குத் திரையில் இடமே கிடைக்கவில்லை. தமிழின் முதற் பேசும்படமான காளிதாஸ் 1931 அக்டோபர் 31இல் வெளிவந்தது. அதன்பின் ஈராண்டு அவர் உயிரோடிருந்தும் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. அவர் எப்படி நடந்தார், எப்படிக் கைநீட்டினார் என்பதை நாம் காண வழியில்லை. எஞ்சியிருப்பவை அரக்கினாலான தட்டுகள்தாம்: பத்தங்குல விட்டம், நிமிடத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம். கொட்டகையில் ஒரே பாட்டை விரித்து விரித்துப் பாடி இரவை நிறைத்த மனிதரை அந்த மூன்று நிமிடத்துக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள்.

எங்களிடமிருப்பது தியாகராஜ சுவாமிகளின் எவரனி. தெலுங்குச் சொல் ஒன்றும் அம்மப்பாவுக்கு விளங்காது. இருந்தும், குரல் மேலேறும் இடத்தில் கையிலுள்ள வேலையை நிறுத்திவிடுவார். அம்மம்மாவோ அந்தத் தட்டைச் சுழலவிட்ட மாத்திரத்தில் வெற்றிலைத் தட்டத்தை எடுத்துக்கொண்டு பின் திண்ணைக்குப் போய்விடுவார். குரலிற் குறையொன்றும் அவர் சொன்னதில்லை. ஒரு பெண்ணை அப்படி விட்டுப்போனவனுடைய பாட்டுத் தமக்கு வேண்டாம் என்பதே அவர் கட்சி. சுந்தராம்பாளின் தட்டு வைத்தால் மட்டும் திரும்பி வந்து வாசற்படியில் அமர்வார்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, பெரியவர்கள் கோயிலுக்குப் போயிருந்த நேரம், தேய்ந்த ஊசியைப் போட்டு அந்த எவரனியைச் சுழற்றினேன். உருக்கு ஊசியை ஒவ்வொரு முறையும் மாற்றவேண்டும் என்பது எனக்குத் தெரியும். புது ஊசி தீர்ந்திருந்தது. குரல் உச்சிக்குப் போகிற அதே இடத்தில் கீறல் விழுந்தது. அன்றுமுதல் அங்கே ஊசி துள்ளும். அம்மப்பா என்னை அடிக்கவில்லை. தட்டை வெளிச்சத்திற் சாய்த்துப் பார்த்துவிட்டுத் துணியிற் பொதிந்து வைத்தார். அதுவே எனக்குப் போதுமானதாயிருந்தது.

அம்மப்பா காலமாகி முப்பத்தொன்று கழிந்த மாலையில், அம்மம்மா என்னைக் கூப்பிட்டுக் கிராமபோன் பெட்டியை முறுக்கச் சொன்னார். வழக்கம்போல் சுந்தராம்பாளின் தட்டை எடுத்தேன். தலையை அசைத்துவிட்டு மற்றதை எடுக்கச் சொன்னார். வைத்தேன். வெற்றிலைத் தட்டம் மடியிலிருந்தது, எழுந்து போகவில்லை. குரல் ஏறிற்று, கீறலில் ஊசி துள்ளிற்று, பாட்டு முடிந்தது. இன்னொருமுறை வைக்கச் சொன்னார்.