படித்துப் பறந்தவர் விமானி ஏமி ஜான்சன்

பாயான் லெப்பாஸில் விமானம் ஏறி இறங்குவதைப் பார்த்து வளரும் பினாங்குப் பிள்ளைகளில் சிலருக்கு விமானி ஆகும் ஆசை வருவது இயல்பு. பெற்றோர் முதலில் கட்டணத்தை நினைக்கிறார்கள். அடுத்து, பிள்ளைக்குத் துணிச்சல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஆனால் பெரும்பாலான பயிற்சிகள் வகுப்பறையில்தான் தொடங்குகின்றன. வானிலை, வழி கணித்தல், இயந்திரம், எடைச் சமநிலை, வான்வழிச் சட்டம் எனப் பத்துக்கும் மேற்பட்ட பாடங்களை மாதக்கணக்கில் படித்துத் தேர்வு எழுத வேண்டும். இந்தத் 'தியரி' கட்டத்தில் சோர்ந்து போகும் மாணவர்கள் அறிய வேண்டிய ஒரு பெண்மணி உண்டு. அவர் பெயர் ஏமி ஜான்சன்.

1903ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி இங்கிலாந்தின் ஹல் துறைமுக நகரில், மீன் வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்தார். நான்கு பெண் பிள்ளைகளில் இவரே மூத்தவர். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்றார். பிறகு லண்டனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் செயலாளராக வேலைக்குச் சேர்ந்தார்.

1928இல் ஸ்டாக் லேன் திடலில் இருந்த லண்டன் விமானக் கழகத்தில் சேர்ந்து பறக்கக் கற்றார். பிறவித் திறமை என்று சொல்ல எதுவும் தெரியவில்லை. தனியாகப் பறக்கும் நிலைக்கு வர மற்ற மாணவர்களைவிட அவருக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. அந்தக் குறையை அவர் படிப்பால் ஈடுகட்டினார்.

வேலை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் விமானக் கொட்டகையில் கழிந்தது. கழகத்தின் தலைமைப் பொறியாளர் ஜாக் ஹம்ஃப்ரீஸ் அவருக்கு ஆசிரியரானார். இயந்திரத்தைப் பிரிப்பது, துடைப்பது, மீண்டும் பூட்டுவது, பழுதைக் கண்டுபிடிப்பது என எல்லாவற்றையும் கையில் எண்ணெய்க் கறையோடு கற்றார். அன்றைய சிறு விமானத்துக்கு ஒரே இயந்திரம்தான். நடுவானில் அது நின்றுவிட்டால் கீழே இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. இயந்திரத்தை அறியாதவர் தொலைதூரம் போவது ஆபத்து என்பதை அவர் புரிந்துகொண்டார்.

1929 ஜூலையில் விமானி உரிமம் கிடைத்தது. அதே ஆண்டு, விமான இயந்திரங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் தரைப் பொறியாளர் உரிமத்தையும் பெற்றார். அந்த உரிமத்தைப் பெற்ற முதல் பிரிட்டிஷ் பெண் அவர்தான்.

அடுத்து, இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறக்க முடிவு செய்தார். தந்தையும் எண்ணெய் வணிகர் வேக்ஃபீல்டு பிரபுவும் பணம் கொடுத்து உதவினர். 600 பவுனுக்கு ஒரு பழைய ஜிப்ஸி மோத் விமானம் வாங்கப்பட்டது. தந்தையின் வியாபார முத்திரைப் பெயரான ஜேசன் என்பதையே அதற்குச் சூட்டினார். அதுவரை அவர் பறந்த அதிக தூரம் லண்டனிலிருந்து ஹல் வரைதான்.

1930 மே 5ஆம் தேதி குரோய்டன் திடலிலிருந்து புறப்பட்டார். விமானத்தில் வானொலித் தொடர்பு இல்லை. வரைபடத்தின் மேல் அளவுகோலை வைத்து, நேர்கோட்டில் வழி குறித்திருந்தார். ஆறே நாளில் கராச்சியை அடைந்தபோது, 1928இல் பெர்ட் ஹிங்க்ளர் என்ற ஆண் விமானி செய்த சாதனையைவிட இரண்டு நாள் முன்னணியில் இருந்தார். போகும் வழியெங்கும், நாள் முழுதும் பறந்த களைப்போடு தாமே இயந்திரத்தைப் பராமரித்தார்.

பர்மாவில் அவரைத் தடுத்தது மழை. மே மாதம் அங்கே பருவமழை தொடங்கும் காலம். கொட்டும் மழையில் ரங்கூனில் இறங்க வேண்டிய இடம் தெரியாமல், இன்செயினில் ஒரு கால்பந்துத் திடலில் இறங்கினார். விமானம் பள்ளத்தில் சாய்ந்தது. இறக்கையும் சக்கரப் பகுதியும் சேதமாயின. அங்கிருந்த பொறியியல் கல்விக்கூடத்தினர் கைகொடுத்தனர். முதல் உலகப் போரில் மிஞ்சிய விமானத் துணியில் தைத்த சட்டைகளைப் பிரித்து இறக்கையை ஒட்டினர். விமானம் மீண்டும் பறந்தது. ஆனால் இழந்த நாட்களோடு சாதனை வாய்ப்பும் போனது. இயந்திரப் பாடத்தில் தேர்ந்த அவரை, வானிலையும் வழி கணிப்பும் சோதித்துவிட்டன.

பாங்காக்கைக் கடந்து, அன்று சிங்கோரா எனப்பட்ட சொங்க்லாவில் இறங்கினார். ஹாட்யாய் போய் வரும் நம்மவர்களுக்குத் தெரிந்த ஊர்தான் அது. அங்கிருந்து தீபகற்பத்தை ஒட்டித் தெற்கே பறந்து சிங்கப்பூரை அடைந்தார். ரப்பர் விலை சரிந்து, தோட்டத் தொழிலாளர்களான நம் முன்னோரில் பலர் பினாங்குத் துறைமுகம் வழியே தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்ட காலம் அது. பாயான் லெப்பாஸ் விமான நிலையம் வர இன்னும் ஐந்தாண்டு இருந்தது.

மே 24ஆம் தேதி டார்வின் நகரில் இறங்கினார். சுமார் 18,000 கிலோமீட்டர் பறந்திருந்தார். ஹிங்க்ளரின் நேரத்தை முறியடிக்க முடியவில்லை. ஆனாலும் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண் என்ற பெருமை அவருக்கே உரியது.

1931இல் தம் ஆசிரியர் ஹம்ஃப்ரீஸையே துணை விமானியாக அழைத்துக்கொண்டு தோக்கியோவரை பறந்தார். 1935 முதல் 1937 வரை பிரிட்டனின் பெண் பொறியாளர் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். போர்க்காலத்தில் ராணுவ விமானங்களை இடம் மாற்றிக் கொடுக்கும் பணியில் சேர்ந்தார். 1941 ஜனவரி 5ஆம் தேதி மோசமான வானிலையில் வழி தவறி, தேம்ஸ் நதி முகத்துவாரத்தில் விழுந்தார். அவரைக் காப்பாற்றக் கடலில் குதித்த கடற்படை அதிகாரி வால்டர் ஃபிளெட்சரும் உயிரிழந்தார். ஏமியின் உடல் கிடைக்கவே இல்லை. அப்போது அவருக்கு வயது 37.

ஜேசன் விமானம் இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை ஓட்டியவர் மெதுவாகக் கற்ற ஒரு மாணவி. எஸ்பிஎம் முடித்துவிட்டு விமானி ஆக நினைக்கும் நம் பிள்ளைகள், கணிதத்தையும் இயற்பியலையும் இப்போதே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளட்டும். வானிலைப் பாடம் சலிப்பூட்டும் நாளில், இன்செயின் திடலில் பெய்த அந்த மழையை ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும்.