பார்வை என்னும் பயிற்சி

நுழையும்முன்

ஓவியம் கண்ணால் காணும் கலை. எனவே, கண்பார்வை மங்கினால் ஓவியரின் கலைவாழ்வும் முடிந்துவிடும் என்றே எவரும் எண்ணுவர். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வையின்றியும் மறுகண்ணில் மிகக் குறைந்த பார்வையோடும் வாழத் தொடங்கிய ஒருவர், இந்தியாவின் மிகப்பெரும் சுவரோவியங்களுள் ஒன்றைப் படைத்தார். நடுவயதில் எஞ்சிய பார்வையையும் இழந்த பின்னர், பல்கலைக்கழகத்தில் கலைப் பேராசிரியராகப் பணியாற்றினார். காண்பது என்பது கண்ணின் செயல் மட்டும்தானா என்னும் வினாவை எழுப்புகிறது பினோத் பிஹாரி முகர்ஜியின் வாழ்க்கை.

இளமையும் கல்வியும்

பினோத் பிஹாரி முகர்ஜி 1904ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7ஆம் நாள் கொல்கத்தாவை அடுத்த பேஹாலாவில் பிறந்தார். பார்வைக் குறைபாட்டின் காரணமாக அவரால் பிற சிறுவர்களைப் போல ஒழுங்காகப் பள்ளிக்குச் செல்ல இயலவில்லை. கரும்பலகையில் எழுதுவதைப் படிக்க முடியாத மாணவனுக்கு அன்றைய பள்ளிகளில் இடமில்லை. இளமையின் பெரும்பகுதி வீட்டிலேயே கழிந்தது.

1917ஆம் ஆண்டு அவர் சாந்திநிகேதனுக்கு வந்து சேர்ந்தார். வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்தில் இரவீந்திரநாத் தாகூர் நிறுவிய அப்பள்ளியில் வகுப்புகள் மரநிழலில் நடைபெற்றன. மதிப்பெண்ணைக் காட்டிலும் மாணவனின் இயல்புக்கே அங்கு முதன்மை தரப்பட்டது. 1919ஆம் ஆண்டு தாகூர் கலா பவனம் என்னும் கலைப்பள்ளியைத் தொடங்கியபோது, அதன் தொடக்ககால மாணவர்களுள் ஒருவராகப் பினோத் பிஹாரி இணைந்தார்.

ஆசிரியரின் ஐயம்

கலா பவனத்தை வழிநடத்தியவர் புகழ்பெற்ற ஓவியர் நந்தலால் போஸ். பார்வை குன்றிய மாணவன் ஓவியம் பயில முன்வந்தது அவருக்குக் கவலை அளித்தது. தாளை முகத்தருகே வைத்துக்கொண்டு வரையும் இவ்விளைஞன் எதிர்காலத்தில் என் செய்வான் என்று அவர் எண்ணினார். இந்த ஐயத்தைத் தாகூரிடமும் தெரிவித்தார். அம்மாணவன் ஈடுபாட்டோடு உழைக்கிறானா என்பதை மட்டும் கவனித்தால் போதும், அவனுடைய வழியை அவனே கண்டுகொள்வான் என்பது தாகூரின் கருத்தாக இருந்தது.

அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. 1925ஆம் ஆண்டு பினோத் பிஹாரி தாம் பயின்ற கலா பவனத்திலேயே ஆசிரியரானார். அவரைக் குறித்து ஐயுற்ற நந்தலாலே அவருக்கு வாழ்நாள் முழுவதும் மதிப்பிற்குரிய ஆசானாகத் திகழ்ந்தார்.

அருகிருந்த நிலம்

அக்காலத்து வங்க ஓவியர் பலர் புராணக் கதைகளையும் பழங்கால வரலாற்றையும் பாடுபொருளாகக் கொண்டிருந்தனர். அந்நியர் ஆட்சியில் நாட்டின் பழம்பெருமையை நினைவூட்டுவது கலைஞரின் கடமை எனக் கருதப்பட்ட காலம் அது. பினோத் பிஹாரியோ வேறு வழியை மேற்கொண்டார். சாந்திநிகேதனைச் சூழ்ந்த செம்மண் நிலம், மழைநீர் அரித்த பள்ளங்கள், பனைமரங்கள், சந்தால் பழங்குடி மக்களின் நடமாட்டம் ஆகியவற்றையே அவர் வரைந்தார். தெய்வங்களும் அரசர்களும் இல்லாத அந்த ஓவியங்களில், அன்றாடம் கண்முன் இருந்தும் எவரும் கருதிப் பாராத நிலம் இடம்பெற்றது.

1924ஆம் ஆண்டளவில் அவர் தீட்டிய சாந்திநிகேதன் காட்சிகள் என்னும் சுருள் ஓவியம் இதற்குத் தக்க சான்றாகும். அரை அடி அகலமே உள்ள அச்சுருளின் நீளம் ஏறத்தாழ 44 அடி. அதனை ஒரே நோக்கில் காண இயலாது. சுருளை விரிக்க விரிக்க, அந்நிலத்தினூடே நடந்து செல்வதுபோலக் காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். தொலைவில் நின்று முழுமையையும் காண இயலாத ஒருவர், சிறிது சிறிதாகக் கண்டவற்றை நினைவில் கோத்து முழுமையாக்கும் முறை இங்கேயே தொடங்கிவிட்டது.

1937ஆம் ஆண்டு அவர் ஜப்பான் நாட்டிற்குச் சென்றார். டோபா சோஜோ, சோட்டாட்சு முதலிய பண்டைய ஜப்பானிய ஓவியர்களின் படைப்புகள் அவரைப் பெரிதும் கவர்ந்தன. தூரிகையின் ஒரே வீச்சில் உருவத்தையும் அசைவையும் கொண்டுவரும் கிழக்காசியக் கலைமுறையை அவர் ஆழ்ந்து கற்றார். வரைந்ததை அழித்துத் திருத்த இடம்தராத அம்முறையில், தூரிகை தாளைத் தொடும் முன்பே கோடு மனத்தில் உருவாகியிருக்க வேண்டும்.

சுவர்களே ஓவியத் திரைகள்

ஜப்பானிலிருந்து திரும்பியபின் பினோத் பிஹாரியின் கவனம் சுவரோவியங்களின்பால் திரும்பியது. 1940ஆம் ஆண்டு கலா பவன மாணவர் விடுதியின் மேற்கூரையில் பீர்பூம் சிற்றூர் வாழ்வை அவர் தீட்டினார். நடுவில் ஒரு குளம். அதனைச் சுற்றி நாற்புறமும் மரங்கள், குடிசைகள், மனிதர்கள், கால்நடைகள். மேல், கீழ் என்ற பாகுபாடு இல்லாத அவ்வோவியத்தை எப்பக்கம் நின்று அண்ணாந்து நோக்கினாலும் அப்பக்கத்திற்கென ஒரு காட்சி கிடைக்கும். 1942ஆம் ஆண்டு சீன பவனத்தில் சாந்திநிகேதன் வளாக வாழ்க்கையைச் சுவரோவியமாக்கினார்.

அவருடைய படைப்புகளுள் தலையாயது, 1946 - 1947ஆம் ஆண்டுகளில் ஹிந்தி பவனத்தில் தீட்டப்பட்ட இடைக்காலத் துறவியர் வாழ்க்கை என்னும் சுவரோவியமாகும். அறையின் மூன்று சுவர்களின் மேற்பகுதியில் ஏறத்தாழ 80 அடி நீளத்திற்கு அது விரிகிறது. இராமானுசர், கபீர், சூர்தாசர், துளசிதாசர், குரு கோவிந்த் சிங் முதலியோர் அதில் இடம்பெற்றுள்ளனர். அவர்கள் அரியணையிலோ ஒளிவட்டத்திலோ காட்டப்படவில்லை. உழைக்கும் மக்களின் திரளுக்கு நடுவே, அவர்களோடு அவர்களாக நிற்கின்றனர். நெசவாளராக வாழ்ந்த கபீரும், பார்வையற்றவராக மரபு போற்றும் சூர்தாசரும் ஒரே மக்கள் பெருக்கில் கலந்துள்ளனர்.

சமயத்தின் பெயரால் வங்காளத்தில் குருதி சிந்தப்பட்ட ஆண்டுகள் அவை. அதே ஆண்டுகளில், பல சமய மரபினரும் பல நிலத்தவரும் பல தொழிலினரும் ஒரே ஆற்றொழுக்காய்ச் செல்லும் காட்சி அச்சுவரில் உருவாகிக்கொண்டிருந்தது.

தெரிந்து தெளிவோம்: ஈரச்சுவர் ஓவியம்

ஹிந்தி பவன ஓவியம் ஈரச்சுவர் முறையில் அமைந்தது. சுவரில் பூசிய சுண்ணாம்புச் சாந்து ஈரமாக இருக்கும்போதே, நீரில் கரைத்த வண்ணப்பொடியால் தீட்டப்படும். சாந்து உலரும்போது சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கெட்டிப்பட்டு, வண்ணத்தைத் தன்னுள் பிணைத்துக்கொள்ளும். அதனால் ஓவியம் நெடுங்காலம் நிலைக்கும். ஆயின், அன்றாடம் வரையக்கூடிய அளவிற்கே சாந்து பூச வேண்டும். அது உலர்வதற்குள் அப்பகுதியை முடித்தாக வேண்டும். பிழை நேர்ந்தால் சாந்தைப் பெயர்த்தெடுத்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும்.

இத்தகைய பணிக்கு ஓவியர்கள் முழு அளவு மாதிரிப் படத்தை முன்னரே வரைந்து, அதனைச் சுவரில் படியெடுப்பது வழக்கம். பினோத் பிஹாரி அவ்வாறு செய்யவில்லை. சாரத்தின்மீது நின்று, நேரே சுவரில் தீட்டினார். முகத்தருகே உள்ள சிறுபகுதியே அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. 80 அடி நீள ஓவியத்தின் முழு அமைப்பும் அவர் மனத்தில்தான் இருந்தது. கண் காணாத முழுமையை மனம் காத்துவந்தது.

இப்பணியில் அவருக்குத் துணைநின்ற மாணவர்களுள் கே. ஜி. சுப்ரமணியன் குறிப்பிடத்தக்கவர். கேரளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்று, விடுதலைப் போராட்டத்தில் சிறைசென்ற அவர், 1944ஆம் ஆண்டு கலா பவனத்தில் சேர்ந்தார். பின்னாளில் இந்தியாவின் முன்னணி ஓவியராகவும் கலைப் பேராசிரியராகவும் விளங்கினார்.

ஒளி மறைந்த நாள்கள்

1940களின் இறுதியில் பினோத் பிஹாரி சாந்திநிகேதனை விட்டு நீங்கி, நேபாள நாட்டின் காத்மாண்டு நகர அருங்காட்சியகத்தில் பொறுப்பேற்றார். பின்னர் இராஜஸ்தானின் வனஸ்தலி வித்யாபீடத்தில் கற்பித்தார். சிற்பியான தம் துணைவியார் லீலாவுடன் இணைந்து முசூரியில் கலைப் பயிற்சிப் பள்ளி ஒன்றையும் நடத்தினார்.

இதற்கிடையே அவருடைய பார்வை மேலும் குன்றியது. 1956ஆம் ஆண்டு கண்ணில் அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. அது பயனளிக்கவில்லை, எஞ்சிய சிறிது பார்வையும் முற்றிலும் மறைந்தது. அப்போது அவருக்கு வயது 52. வண்ணத்தையும் வடிவத்தையும் தவிர வேறு தொழில் அறியாத ஒருவருக்கு இது எத்தகைய பேரிழப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பார்வையற்ற பேராசிரியர்

1958ஆம் ஆண்டு பினோத் பிஹாரி மீண்டும் சாந்திநிகேதனுக்குத் திரும்பினார். விஸ்வபாரதி அப்போது மத்தியப் பல்கலைக்கழகமாக வளர்ந்திருந்தது. கலா பவனத்தில் கலை வரலாற்றையும் கலைக் கோட்பாட்டையும் கற்பிக்கும் பேராசிரியராக அவர் பணியேற்றார். பிற்காலத்தில் அதன் முதல்வர் பொறுப்பையும் வகித்தார்.

ஓர் ஓவியத்தைக் காண இயலாதவர் ஓவியத்தைக் கற்பிப்பது எங்ஙனம்? நாற்பதாண்டுக் காலம் அவர் கண்டதும் கற்றதும் வரைந்ததும் அவருடைய நினைவில் அழியாதிருந்தன. இந்திய ஓவிய மரபையும் கிழக்காசிய மரபையும் ஐரோப்பிய மரபையும் ஒப்பிட்டு ஆராயும் புலமை அவரிடம் இருந்தது. கலை எவ்வாறு தோன்றுகிறது, கலைஞர் தம் காலத்தோடும் மண்ணோடும் எவ்வாறு உறவுகொள்கிறார் என்பவற்றைச் சிந்திக்க அவர் மாணவர்களைப் பழக்கினார். எழுத இயலாத நிலையில், பிறரை எழுதச் செய்து கட்டுரைகளையும் நினைவுக் குறிப்புகளையும் உருவாக்கினார். ஓவியர் எனப் பொருள்படும் சித்ரகர் என்னும் வங்கமொழி நூல் அவற்றுள் புகழ்பெற்றது. அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், அன்று சாரத்தில் அவரோடு பணிசெய்த கே. ஜி. சுப்ரமணியனே ஆவார்.

கைகள் கண்டவை

கற்பிப்பதோடு அவர் நிறைவுறவில்லை, படைப்பதையும் கைவிடவில்லை. மெழுகைப் பிசைந்து சிறுசிறு உருவங்கள் செய்தார். வண்ணத் தாள்களை வெட்டியும் ஒட்டியும் படங்கள் அமைத்தார். ஒரு கையால் தாளின் எல்லையை உணர்ந்தவாறு மறுகையால் கோடுகள் வரைந்தார். முன்னர்க் கண் செய்த பணியை இப்போது விரல்நுனி ஏற்றுக்கொண்டது. இவை பொழுதுபோக்கிற்காகவோ ஆறுதலுக்காகவோ செய்யப்பட்டவை அல்ல. பார்வையிருந்த காலத்துப் படைப்புகளில் காணப்படாத எளிமையும் துணிவும் அவருடைய தாள்வெட்டுப் படங்களில் உள்ளன.

1972ஆம் ஆண்டு கலா பவனச் சுவர் ஒன்றில் ஓடுகளைப் பதித்துப் பெரியதொரு சுவரோவியம் அமைத்தார். தாளை மடித்து அவர் உருவாக்கிய வடிவங்களே அதற்கு அடிப்படையாயின. உதவியாளர்கள் துணைபுரிய, ஓடுகளைத் தடவிப்பார்த்து அவற்றின் வரிசையை அவரே முடிவுசெய்தார்.

இப்பணியையும் அவருடைய வாழ்க்கையையும் பதிவுசெய்து, அகக்கண் எனப் பொருள்படும் தலைப்பில் ஓர் ஆவணப்படத்தை அதே ஆண்டில் எடுத்தவர் சத்யஜித் ரே. உலகப் புகழ்பெற்ற அத்திரைப்பட இயக்குநர், 1940களின் தொடக்கத்தில் கலா பவனத்தில் பினோத் பிஹாரியிடம் ஓவியம் பயின்ற மாணவர். ஆசிரியர்மீது கொண்ட பெருமதிப்பின் வெளிப்பாடாக அமைந்த அப்படத்தில் இரக்கத்திற்கு இடமில்லை. கண்ணாடி அணிந்து, கைகளை ஓயாது இயக்கிப் பணிசெய்யும் கலைஞர் ஒருவரையே அதில் காண்கிறோம்.

1974ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கிச் சிறப்பித்தது. விஸ்வபாரதி பல்கலைக்கழகம் தன் உயரிய தேசிகோத்தமப் பட்டத்தை அளித்தது. 1980ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 11ஆம் நாள் அவர் மறைந்தார். அவருடைய மகள் மிருணாளினி முகர்ஜி, நாரிழைகளை முடிந்து பேருருவங்கள் அமைக்கும் சிற்பியாகப் பெயர்பெற்றார்.

நிறைவாக

பினோத் பிஹாரியின் வாழ்வைக் குறைபாட்டை வென்ற கதை என்று மட்டும் சுருக்கிவிட இயலாது. பார்வை குறைவாக இருந்ததனாலேயே அவர் ஒவ்வொன்றையும் நெருங்கி நின்று நோக்கினார். நோக்கியதை நினைவில் நிறுத்தினார். நினைவில் நின்றதைக் கைக்குப் பழக்கினார். இப்பயிற்சி முற்றுப்பெற்றிருந்ததனால், கண் முழுமையாக மறைந்தபோது கலை அவரை விட்டு நீங்கவில்லை. நல்ல பார்வை உடையோர் பலரும் நாள்தோறும் எத்தனையோ காட்சிகளைக் கண்டும் காணாது கடந்துசெல்கின்றனர். காண்பதும் கல்வியைப் போல முயன்று பெற வேண்டிய ஒன்று என்பதற்குச் சாந்திநிகேதனின் சுவர்கள் இன்றும் சான்றாக நிற்கின்றன.